மரத்திலிருந்து கரண்ட்

லெயோகாதியாவை எங்கள் ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. காதியா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஆசிட்' என்பார்கள். பேட்டரி ஆசிட் தெறித்து அவளுடைய பாவாடைகள் எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும் என்பது ஒரு காரணம். நாக்கு இன்னொரு காரணம்.

நான் நுரிஸ். எங்கள் ஊரான பாலோ செக்கோவில், கிளினிக்குக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காதியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் எதிர்த்து நின்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட நூற்றுப் பதினெட்டு வீட்டில் என் வீடும் ஒன்று. ஆனாலும் நான் சொல்லாவிட்டால் இந்த ஊர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

இது நடந்தபோது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. பதினேழு வயதில் பாராஓனா பக்கம் ஒரு கரும்பாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். பேட்டரி அறையைப் பெருக்கப் போன இடத்தில், அங்கிருந்தவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால், தண்ணீர் ஊற்றுவது, ஈயத்தகடு மாற்றுவது எல்லாம் இவள் தலையில் விழுந்தது. ஆறு வருடத்தில் அவர்களைவிட நன்றாகச் செய்தாள். சம்பளம் மட்டும் கடைசி வரைக்கும் பெருக்குகிறவளின் சம்பளம்தான். ஆலையை மூடியதும் ஊருக்கு வந்து இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கும் பட்டறை போட்டாள். கரண்ட் வருவதைவிடப் போவதே அதிகமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் அந்தத் தொழிலுக்குக் குறைவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு சார்ஜ் ஏத்துற அளவுக்கு ஒருத்தனும் இல்ல" என்பாள்.

ஊரின் டிரான்ஸ்ஃபார்மர் ஜனவரியில் வெடித்தது. அதற்குப் பிறகு கரண்ட் போகிறது வருகிறது என்ற பேச்சே இல்லை. போனது போனதுதான். கிளினிக்கின் குளிர்சாதனப் பெட்டியை நர்ஸ் மிரேயா ஐஸ் கட்டி வைத்தும், காதியா தன் பட்டறை ஜெனரேட்டரில் தினமும் சார்ஜ் செய்து கொண்டுவந்து மாட்டுகிற பேட்டரியை வைத்தும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில்தான் என் கணவர் எலாதியோவின் இன்சுலினும் இருந்தது. ஐந்து மாதம் நகராட்சிக்கு நடந்தோம். கடைசியில் புது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

அதே வாரத்தில்தான் இஞ்சினியர் அல்கந்தாரா வந்தார்.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் டோன் நிக்காசியோ, எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். எங்கள் பக்கம் பெரியவர்களை மரியாதையாக டோன், டோன்யா என்போம். இஞ்சினியருக்கு வெள்ளைச் சட்டை, கையில் ஒரு டேப்லெட், இனிப்பான குரல். பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, "இந்த மரத்துக்குள்ள ராத்திரி பகலா கரண்ட் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க அது கீழ உக்காந்துக்கிட்டே இருட்டுல இருக்கீங்க" என்றார். வேரில் செம்புக் கம்பியும் துத்தநாகக் கம்பியும் இறக்கி, அவர் கண்டுபிடித்த பெட்டியோடு சேர்த்தால் மரமே ஊருக்கு விளக்குப் போடுமாம். பில் கிடையாது. மீட்டர் கிடையாது. மின்சாரக் கம்பெனிக்காரனின் முகத்தில் விழிக்க வேண்டாம். இந்த உண்மையைப் பெரிய நாடுகள் எழுபது வருடமாக மறைத்து வைத்திருக்கின்றனவாம்.

எனக்கு இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நான் கை தட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு நாலு ஆண்கள் மூச்சு வாங்க அந்தப் பச்சைப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கினார்கள். வேரில் கம்பிகள் குத்தினார்கள். இஞ்சினியர் ஒரு விசையைத் தட்டினார். மரத்தில் தொங்கவிட்டிருந்த பன்னிரண்டு பல்பும் எரிந்தன. பக்கத்தில் வைத்திருந்த சின்னக் குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கியது. பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற ஒருத்தி அழுதாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து காதியா கேட்டாள். "இஞ்சினியரே, பெட்டி ஏன் இவ்வளவு கனம்?"

"உள்ள கரண்ட மாத்துற கருவி இருக்கும்மா."

"மாத்துறதுக்கு நாலு ஆம்பள தூக்குற கனம் எதுக்கு? அந்தக் கனம் எனக்குத் தெரியும். அது ஈயத்தோட கனம். கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன்."

"காப்புரிமை இருக்கு டோன்யா. தொறக்கக் கூடாது."

"சரி, தொறக்க வேணாம். தலைநகரத்துல பணக்காரங்க தெருவுல எல்லாம் பெரிய பெரிய மரமா நிக்குதே. அங்க எத்தனை வீட்டுல மாட்டியிருக்கீங்க?"

சிரிப்பு வந்தது. இஞ்சினியரும் சிரித்தார். டோன் நிக்காசியோ மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா காதியா, இலவசமா கரண்ட் வந்தா உன் பட்டறைய மூடணும். அந்த வயித்தெரிச்சல்தானே?" என்றார். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னுடையதும் இருந்தது.

அதற்குப் பிறகு தாள் வந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒதுக்கிய தொகையை 'மர ஒளித் திட்டத்துக்கு' மாற்றித் தருமாறு ஊர் மக்கள் கேட்டுக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது. வியாழக்கிழமை நகராட்சியில் கொடுக்க வேண்டும். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். புகைப்படத்துக்காக மிரேயாவை வற்புறுத்தி, கிளினிக்கிலிருந்த மருந்தை எல்லாம் மரத்தடிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வைத்தார் நிக்காசியோ. "ஊசி மருந்தையே காப்பாத்துது பாருங்கன்னு போடணும்" என்றார். மிரேயா வேண்டாம் என்றுதான் சொன்னாள். 'உனக்கு ஊர் முன்னேறுறது பிடிக்கலையா' என்ற கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காதியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். பச்சைப் பெட்டிக்கு இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன செய்ற காதியா?" என்று கேட்டேன்.

"உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"மரம் கரண்ட் குடுக்குதுன்னா நான் உக்காந்தாலும் குடுக்கும், எழுந்தாலும் குடுக்கும். பேட்டரி குடுக்குதுன்னா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள செத்துடும். நேத்து ராத்திரி அந்தத் தொப்பிக்காரன் வேருக்குத் தண்ணி ஊத்தறேன்னு பெட்டிய தார்ப்பாய் போட்டு மூடிட்டு உள்ள ஒரு மணி நேரம் இருந்தானாம். ஒரு மணி நேரம் தண்ணி குடிக்க இது என்ன ஒட்டகமா? உள்ள பேட்டரிய மாத்தியிருக்கான்."

தொப்பிக்காரன் என்பது இஞ்சினியரின் கூடவே வந்த ஆள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் மறுபடியும் தார்ப்பாயோடு வந்தான். காதியா எழுந்திருக்கவில்லை. "ஊத்து. நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். அவன் திரும்பிப் போனான். இஞ்சினியர் வந்து தேனாகப் பேசினார். நிக்காசியோ வந்து கத்தினார். பாதிரியார் வந்து, விசுவாசம் என்பது காணாததை நம்புவது என்று ஆரம்பித்தார். "கடவுள நான் தொறந்து காட்டச் சொல்லல ஃபாதர். பெட்டியத்தான் சொல்றேன்" என்றாள்.

ராத்திரி முழுவதும் அவள் அங்கேதான் இருந்தாள். நான் ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பாவம் பார்த்துக் கொடுத்தேன், அவள் பக்கம் நின்று அல்ல. வித்தியாசம் அவளுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். மணி பதினொன்றரை இருக்கும். பச்சைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பீப். பீப். பீப்.

அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா? இன்வெர்ட்டர் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பேட்டரி தீரப்போகிறது, டிவியை நிறுத்து என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும் அது காதில் விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பத்து நிமிடத்தில் பல்புகள் அணைந்தன. குளிர்சாதனப் பெட்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

காதியா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

இஞ்சினியர் பெட்டியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வருத்தமான குரலில் சொன்னார். "கேட்டீங்களா? மரம் கூப்பிட்டுது. இது உயிருள்ள ஜீவன். பக்கத்துல கெட்ட எண்ணத்தோட யாராவது ஒரு நாள் பூரா உக்காந்திருந்தா ஓட்டத்த நிறுத்திக்கும். ஆராய்ச்சியில இதை நிரூபிச்சிருக்கோம்."

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஜனங்கள் தலையாட்டினார்கள். பேட்டரி தீர்ந்த சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள், அது மரத்தின் அழுகை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி காதியாவின் காலடியில் காறித் துப்பினாள். நிக்காசியோ, "ஊருக்கு வந்த வெளிச்சத்த ஒரு பொம்பள உக்காந்தே அணைச்சுட்டா" என்றார்.

காதியா நாற்காலியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். போகும்போது மிரேயாவிடம், "மருந்த எடுத்து ஐஸ்ல வை. நான் பேட்டரி கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மிரேயாவை எடுக்க விடவில்லை. மரம் அமைதியானதும் மறுபடி வந்துவிடும், பெட்டியைத் திறந்தால் குளிர்ச்சி போய்விடும் என்றார் நிக்காசியோ. குளிர்சாதனப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை விடிவதற்குள் இஞ்சினியர் பச்சைப் பெட்டியோடு தலைநகரத்துக்குப் போய்விட்டார், 'அளவைச் சரி செய்துகொண்டு' வருவதற்காக. பள்ளி மைதானத்து வெயிலில் அந்தக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றரை நாள் மூடிக் கிடந்தது. மிரேயா கடைசியில் பூட்டை உடைத்துத் திறந்தபோது உள்ளே அடுப்பு மாதிரி இருந்ததாம். மொத்தத்தையும் குப்பையில் கொட்டினாள். அதில் பதினோரு பேருடைய இன்சுலின் இருந்தது.

இரண்டு நாளாக ஊசி இல்லாமல் இருந்த எலாதியோ செவ்வாய்க்கிழமை மதியம் கடை வாசலில் வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. லாரியில் போட்டு அசுவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். அன்று ராத்திரி அவர் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் இஞ்சினியர் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. என் வலது கை மேல்தான் வந்தது. அந்தக் கைதான் பேனாவைப் பிடித்தது.

புதன்கிழமை காலை பஸ் இறங்கி, வீட்டில் சமைத்து எடுத்துக்கொண்டு காதியாவின் பட்டறைக்குப் போனேன். வாழைக்காய் மசியலும் பொரித்த சீஸும் ஒரு தட்டில் கொண்டுபோயிருந்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

"எலாதியோ எப்படி இருக்காரு?"

"பொழச்சுக்கிட்டாரு."

"நல்லது. தட்ட அங்க வை. கையெழுத்துப் போட்டியே, அத வாபஸ் வாங்கிட்டியா?"

"இல்ல."

"அப்ப இன்னும் சாப்பிட மாட்டேன்."

"நான் ஒருத்தி வாங்கினா என்ன ஆகும் காதியா? மத்தவங்க இன்னும் மரம்னுதான் சொல்றாங்க."

அவள் எழுந்து மூலையில் துழாவினாள். பிறகு ஒரு பழைய பெயின்ட் வாளியை எடுத்தாள். "உன் கடை வாசல்ல கூட்டம் வருமா?" என்று கேட்டாள்.

கூட்டம் வந்தது. டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களே பத்துப் பேர் இருந்தார்கள். காதியா வாளியில் தெரு மண்ணை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குழைத்தாள். ஒரு பக்கம் செம்புக் கம்பி, இன்னொரு பக்கம் பழைய துத்தநாகத் தகட்டில் வெட்டிய துண்டு. வோல்ட் அளக்கும் மீட்டரைத் தொட்டுக் காட்டினாள். முள் லேசாக நகர்ந்தது.

"ஒரு வோல்ட்டுக்கும் கம்மி. இஞ்சினியர் மரத்துல குத்தின கம்பிய நான் அளந்து பாத்தேன். அதுலயும் இதே அளவுதான். இப்ப சொல்லுங்க, இந்த வாளியில எந்த மரம் இருக்கு?"

மரத்தடியில் இஞ்சினியர் விட்டுப்போயிருந்த துத்தநாகக் கம்பி ஒன்றை அவள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதன் நுனி அரித்துப்போய்ச் சாம்பல் பூத்திருந்தது.

"மரம் ஒண்ணும் குடுக்கல. இந்தத் துத்தநாகம் கரையுது, அதுலேருந்து துளி கரண்ட் வருது. துத்தநாகம் தீந்தா அதுவும் தீந்துது. இலவசம்னானே, இந்தத் துத்தநாகத்த யாரு வாங்கித் தருவா?"

டோமினோ மேசையிலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப நெறைய வாளி வெச்சா?"

"வையேன். கிளினிக் பெட்டி ஒண்ணுக்கு மட்டும் லட்சம் வாளி வேணும். உன் வீட்டுல எத்தன வைக்கலாம்?"

அவர் சிரித்தார். வேறு இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த முறை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நான் முன்னால் போய் நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. "ஞாயித்துக்கிழமை நான் அந்த பீப் சத்தத்தக் கேட்டேன். அது என்னன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு நின்னோம். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடக்காரு" என்றேன்.

வியாழக்கிழமை நகராட்சியில் நாங்கள் பதினேழு பேர் போய் நின்றோம். குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தான்.

"கையெழுத்த வாபஸ் வாங்கறதுக்குப் படிவம் கிடையாதும்மா."

"போடறதுக்கு இருந்துதே" என்றாள் காதியா.

"அது திட்டம். இது திட்டம் இல்ல."

"சரி, தாள் குடு. நாங்களே எழுதிக்கறோம்."

தாள் இல்லை என்றான். என் கடைப் பையிலிருந்த காகித உறைகளைக் கிழித்து அதில் எழுதினோம். ஒவ்வொருவரும் தன் பெயர், அடையாள எண், 'நான் ஏமாந்தேன், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று. 'ஏமாந்தேன்' என்று எழுதத்தான் பலருக்குக் கை வரவில்லை. 'எனக்குத் தவறான தகவல் தரப்பட்டது' என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். "உன் இஷ்டம். ஆனா எழுது" என்றாள் காதியா. மதியத்துக்குள் ஊரிலிருந்து இன்னும் ஆட்கள் வந்தார்கள். எழுபத்தொன்று ஆனது. மிரேயா தூக்கிப்போட்ட மருந்துகளின் பட்டியலையும் கொண்டுவந்து மேலே வைத்தாள்.

திட்டம் நிறைவேறவில்லை. 'கூடுதல் ஆய்வுக்காக ஒத்திவைக்கப்படுகிறது' என்றார்கள். ஏமாந்தோம் என்று அவர்களும் எழுதவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் நாலு மாதம் கழித்து அக்டோபரில் வந்தது. திறப்பு விழாவில் டோன் நிக்காசியோதான் நாடாவை வெட்டினார். ஊரின் விடாமுயற்சியைப் பாராட்டிப் பேசினார். காதியாவை யாரும் கூப்பிடவில்லை. அன்று அவள் பட்டறையில் யாருடைய இன்வெர்ட்டரையோ கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இஞ்சினியருக்கு ஒன்றும் ஆகவில்லை. புகார் கொடுக்கப் போனோம். யார் பணமும் கைமாறவில்லையே, என்ன குற்றம் என்று கேட்டார்கள். போன மாதம் என் போனில் ஒரு வீடியோ வந்தது. எல்லைப் பக்கம் ஏதோ ஒரு ஊர், வேறு மரம், அதே வெள்ளைச் சட்டை, நாலு பேர் தூக்கி இறக்குகிற அதே பச்சைப் பெட்டி. கீழே ஆயிரக்கணக்கில் இதயச் சின்னங்கள். நான் அதன் கீழே நடந்ததை முழுவதும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன்.

போன திங்கட்கிழமை கிளினிக்கில் மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மேலே மின்விசிறி ஓடியது. எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி, அன்று மைதானத்தில் துப்பியவள்தான், சுவரில் இருந்த பிளக்கில் தன் போனைச் சொருகி வைத்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்த தன் நாத்தனாரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க ஊர்ல மரமே கரண்ட் குடுத்துது, தெரியுமா? ரெண்டு நாள் ஜம்முனு எரிஞ்சுது. ஒரு பொறாமக்காரி உக்காந்து கெடுத்துட்டா. இல்லன்னா எங்களுக்கு பில்லே வராது."

காதியா வரிசையில் எனக்குப் பின்னால்தான் நின்றாள். எல்லாம் கேட்டது. "விடு நுரிஸ்" என்றாள் மெதுவாக.

என்னால் விட முடியவில்லை. நான் போய் அந்தப் பிளக்கிலிருந்து போனைப் பிடுங்கிக் கதை சொன்னவள் கையில் கொடுத்தேன். "போ. மைதானத்துல மரம் நிக்குது. அதுல சொருகிக்கோ" என்றேன்.

அவள் என்னைத் திட்டினாள். நானும் திட்டினேன். மிரேயா உள்ளேயிருந்து ஓடி வந்து இருவரையும் பிடித்துத் தள்ளி, வரிசையில் நிற்கச் சொன்னாள்.